பால் பல்லில் ஒரு கோடு

“பாப்பா பல்லைத் தர மாட்டேன்” என்று கையை மூடிக்கொண்டான் அவள் கணவன்.

அதுவும் எப்போது? ஆய்வகம் வரைக்கும் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ஆய்வாளர் கையை நீட்டிய பிறகு.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஏன், குட்டு வெளிப்பட்டுடும்னு பயமா?”

மகள் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். எத்தனையோ பள்ளியில் சேர்த்து எடுத்தாயிற்று. விழுந்த பல் முளைக்கிற வயதாகியும் இரண்டு வார்த்தையைச் சேர்த்துப் பேச வரவில்லை. “சின்னதுல உடம்புல ஈயம் ஏறியிருக்கலாம். இப்ப ரத்தத்துல தெரியாது, பல்லுல தெரியும்” என்றார் மருத்துவர். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே கேள்விதான், யார் கொண்டுவந்தது என்று.

அதற்கும் பதிலை அவளே வைத்திருந்தாள். குழந்தை பிறந்த மாதம்தான் கணவன் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டுப் பேட்டரிப் பட்டறைக்குப் போனான். பழைய பேட்டரியை உடைத்து ஈயத்தை உருக்குகிற வேலை. வேறு யார் கொண்டுவந்திருக்க முடியும்?

ஆய்வாளர் பொறுமையான பெண்மணி. “பல்லை அறுத்துப் பார்த்தா மெல்லிசா ஒரு கோடு இருக்கும். குழந்தை பிறந்தப்ப விழுந்த கோடு. அதுக்கு உள்ளே இருக்கிறது வயித்துல இருக்கும்போது வளர்ந்தது, வெளியே இருக்கிறது பிறந்த பிறகு வளர்ந்தது. லேசர் வரி வரியா சுரண்டும். அந்தத் தூள்ல எங்கே எவ்வளவு ஈயம்னு மெஷின் படம் போட்டுக் காட்டிடும்.”

“கேட்டுக்கிட்டீங்களா?” என்று கணவனைப் பார்த்தாள். “பிறந்த பிறகு வந்தது தனியா தெரியுமாம்.”

“வீட்டுல வேற யாராவது ஈய வேலை செஞ்சிருக்காங்களா?” என்று கேட்டார் ஆய்வாளர்.

“எங்கப்பா செஞ்சார். வீட்டுக்குப் பின்னாலதான் உருக்குவார். நான் அந்த அடுப்புப் பக்கத்துலயே விளையாடி வளர்ந்தவ. எனக்கு என்ன ஆயிடுச்சு? எங்கப்பா வேலை முடிஞ்சதும் முதல்ல என்னைத்தான் தூக்குவார் மேடம். இவரும் இருக்காரே, பெத்த பொண்ணை ஒரு நாள் தூக்கினதில்ல.”

அதில் பொய் இல்லை. குழந்தை தவழ்ந்து வந்தாலும் அவன் எழுந்து விலகிப் போய்விடுவான். பட்டறையிலேயே குளித்து, சட்டை மாற்றி, புது மாப்பிள்ளை மாதிரி மினுக்கிக்கொண்டு வருவான். முன்னறையில் தனியாகப் படுப்பான். பெண்ணாய்ப் பிறந்ததில் அவனுக்கு மனக்குறை என்று அவள் ஊரெல்லாம் சொல்லியாயிற்று. அவனும் மறுத்துப் பேசியதில்லை.

“வேணாம்” என்றான் அவன், ஆய்வாளரிடம். “தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? பாப்பா சரியாயிடுவாளா?”

“இல்ல” என்றார் அவர். “நடந்த சேதத்தை மாத்த முடியாது.”

“எனக்கு யாருன்னு தெரியணும்” என்றாள் அவள். “யார் மூஞ்சியிலயாவது காறித் துப்பணும்.”

அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பல்லை எடுத்துக் கொடுத்தாள்.

முடிவு வாங்க வந்த அன்று, மகள் வழக்கம்போல உடுப்பை நனைத்துவிட்டாள். அவளைக் கழுவி மாற்றி அழைத்து வருவதற்குள் கணவன் உள்ளே போயிருந்தான். இவள் நுழைந்ததும் கணினித் திரைக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டான்.

“நான்தான்” என்றான். “நான் பட்டறையில இருந்து கொண்டுவந்ததுதான். பாத்துட்டேன். வா, போகலாம்.”

அவள் இதைத்தான் எதிர்பார்த்திருந்தாள். ஆனாலும் கேட்டதும் நெஞ்சு ஆறவில்லை. அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். “பாவி, என் குழந்தையைக் கொன்னுட்டியே. உயிரோட வச்சே கொன்னுட்டியே.”

அவன் திரையை மறைத்தபடியே நின்றான்.

“அம்மா, ஒரு நிமிஷம்” என்று வாயெடுத்தார் ஆய்வாளர்.

“மேடம், வேணாம்” என்றான் அவன். பல்லைக் கைக்குள் மூடிக்கொண்டு நின்றபோது சொன்ன அதே ‘வேணாம்.’

இதற்குள் மகள் அவன் கைக்கு அடியில் புகுந்து திரைக்குப் போய்விட்டாள். அவளுக்குப் பளிச்சென்ற நிறம் எதைக் கண்டாலும் தொட்டாக வேண்டும். “செவப்பு” என்று விரலை வைத்தாள்.

அவன் பதறிப்போய் அவளை இரண்டு கையாலும் வாரித் தூக்கினான். தூக்கி விலகியதில் மறைத்திருந்த திரை வெளிப்பட்டது.

பல் பெரிதாகத் தெரிந்தது. நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு. சிவப்பு முழுவதும் அதற்கு உள்ளேதான் இருந்தது. வெளியே எல்லாம் நீலம்.

“செவப்புதானே மேடம் ஈயம்?”

“ஆமா.”

“உள்ளே இருக்கே.”

ஆய்வாளர் அவள் தோளில் கை வைத்தார். “சின்ன வயசுல உடம்புல சேர்ற ஈயம் எலும்புல போய்த் தங்கிடும்மா. கர்ப்பமா இருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு குழந்தைக்குப் போகும். நீங்க தெரிஞ்சு செய்யல. உங்க அப்பாவும் தெரிஞ்சு செய்யல.”

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். கணவன் சுவரைப் பார்த்து நின்றான். தூக்கிய மகளை எப்படிப் பிடித்துக்கொள்வது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

“அப்ப… பிறந்த பிறகு?”

“ஒண்ணுமே ஏறல. ஈயப் பட்டறைக்குப் போறவங்க வீட்டுப் பிள்ளை பல்லுல இப்படி ஒரு நீலத்தை நான் பார்த்ததே இல்ல” என்றார் ஆய்வாளர். “இவர் பிள்ளையைத் தொடாமலே காப்பாத்தியிருக்கார்.”