மூன்று முறை கழுவவும்

பதினேழாம் நம்பர் செல் இன்றும் சாகவில்லை.

சாஸ்கடூன் நகரில் வெளியே மைனஸ் முப்பது டிகிரி. ஆய்வகத்துக்குள் வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் லாரிசா திரையைத்தான் பார்த்தாள். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டாவது சுற்று. கோட்டுப் பொத்தான் அளவே உள்ள பொட்டாசியம் பேட்டரி, சார்ஜ் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, அலுக்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

பொட்டாசியம் பெரிய உடம்புக்காரன். பேட்டரியில் வைத்த கரிக்குள் நுழைந்து வெளியேறும் ஒவ்வொரு முறையும் சுவரை இடித்துவிட்டுத்தான் போவான். அவனைத் தாங்கும் கரி கிடைப்பது குதிரைக்கொம்பு.

அப்படிப்பட்ட கரி பதினேழில் மட்டும் இருந்தது. கடைப் பருத்தியை எரித்துச் செய்த மூன்று செல்களும் நூறு சுற்றுக்குள் மண்டையைப் போட்டுவிட்டன.

பேராசிரியர் ஃப்ரீசன் காபிக் குவளையோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"இன்னொரு தடவை செஞ்சு காட்டலைன்னா இதை எவன் நம்புவான் லாரிசா? அப்படி என்னத்தத்தான் எரிச்ச?"

"பழைய பருத்தித் துணி."

"கழுவினியா?"

கேலியாகத்தான் கேட்டார். 'எதை எரித்தாலும் முதலில் மூன்று முறை கழுவவும்' என்று உலைக் கதவில் சிவப்பு மையில் எழுதி ஒட்டியவளே லாரிசாதான். கழுவாமல் வைத்த மாணவர்களை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறாள்.

அவள் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ஜிப் பையை எடுத்து வைத்தாள். இதையும் எரிக்கச் சொல்வார் என்று பயந்தே இத்தனை வாரமாக மறைத்திருந்தாள்.

உள்ளே நீலச் சட்டையின் ஒற்றைக் கை. பொத்தான் போட்டபடியே இருந்தது. மடிப்புகளில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பொட்டாசியம் உப்பு வெட்டியெடுக்கும் பொட்டாஷ் சுரங்கத்தில் ஒரு நாள் நின்றாலே துணியில் ஏறிவிடும் உப்பு.

போன ஜனவரியில் வேலை முடிந்து திரும்பும் வழியில், நெடுஞ்சாலைப் பனியில் கார் சறுக்கி அவள் கணவன் டேரில் இறந்துபோனான். சுரங்கத்தின் உடைமாற்றும் அறையில் அவன் கழற்றி மாட்டியிருந்த சட்டையைச் சாப்பாட்டு டப்பாவோடு கொண்டுவந்து கொடுத்தார்கள். சும்மா இருக்கத் தெரியாதவன் அவன். அவன் சட்டை அலமாரியில் சும்மா கிடப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. பேட்டரியாகவாவது ஓடட்டும் என்று உலையில் வைத்தாள். ஒரு கையை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை.

ஃப்ரீசன் குவளையைக் கீழே வைத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. உலைச் சூட்டில் அந்த உப்புதான் கரியைத் துளைத்து, பொட்டாசியம் வந்து போக இடம் விட்டிருக்கிறது.

"இதை எரிக்க வேண்டாம். கடைத் துணியை பொட்டாஷ் தண்ணியில ஊற வெச்சாப் போதும்," என்றார் மெதுவாக. "ஆமா, நீ ஏன் கழுவல?"

"கழுவினா வாசனை போயிடுமே."

உப்பைக் கிட்டத்தில் பார்க்க அவர் ஜிப்பில் விரல் வைத்தார். லாரிசா சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"திறக்காதீங்க. கொஞ்சம்தான் மிச்சம் இருக்கு."