அழகுமலை கேட்ட உத்தரவு

ஈர வேட்டியோடு ஓடைக்கரை முருகன் முன்னால் நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்தான் அழகுமலை. புதிதாகப் பார்ப்பவர்கள் யாரோ சித்தர் என்று நினைத்துப் பக்கத்தில் ஓர் உண்டியலே வைத்திருப்பார்கள்.

சீட்டாட்டத்தில் உருளைக்கிழங்குக் காடும் இரண்டு மட்டக்குதிரைகளும் போன பிறகு வந்த பக்தி அது. மிச்சம் இருந்தது அரை ஏக்கர் பூண்டுக் காடும் காதில் தொங்கிய கடுக்கனும்தான். இனி ஆடலாமா கூடாதா என்று பூப்போட்டுக் கேட்க வந்திருந்தான். சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும். வெள்ளை வந்தால், விட்டதைப் பிடிக்கலாம்.

நயா பைசா வந்த வருடத்து மார்கழி. உறைபனியில் அவர்களுடைய மலைக்கிராமமான வில்பட்டியின் செடிகொடியெல்லாம் கருகிக் கிடந்தன. அவன் மனைவி வேலுத்தாய் வேலை பார்க்கும் துரை பங்களாவின் கண்ணாடிக் கூண்டில் மட்டும் சிவப்பு ரோசா பூத்திருந்தது. அதைப் பறித்து வந்து பூசாரி திருமலைச்சாமியிடம் கொடுத்திருந்தாள்.

பூசாரி இரண்டு இலைப் பொட்டலங்களைச் சாமி பாதத்தில் போட்டார். அழகுமலை ஒன்றை எடுத்துப் பிரித்தான். சிவப்பு.

எடுக்காததைப் பிரிப்பது தெய்வக் குற்றம். பூசாரி அதை ஓடையில் விட்டார்.

"உத்தரவு ஆயிருச்சுல்ல? வாங்க, வெரசா வீட்டுக்குப் போவோம்" என்றாள் வேலுத்தாய்.

"இரு புள்ள. குளுருல கை நடுங்கிருச்சு. அது கணக்குல சேராது."

மறுபடியும் சிவப்பு. காற்றடித்தது என்றான். அடுத்ததும் சிவப்பு. பூசாரி தும்மிவிட்டார் என்றான். நான்கு, ஐந்து என்று சிவப்பாகவே வந்தபோது, அவன் முகத்தில் திடீரென்று ஞானம் பொங்கியது.

"அஞ்சும் செவப்பு! அப்ப ஆறாவது வெள்ளைதானய்யா! வராம எங்க போகும்? இது வெளங்காமயா இருவது வருசமா ஆடுறேன்? யாராச்சும் பந்தயம் கட்டுங்க!"

"இங்க யாரு இருக்கா? முருகனா கட்டும்?" என்றார் பூசாரி.

"நான் கட்டுறேன்" என்றாள் வேலுத்தாய். "வெள்ளைன்னா எங்கம்மா போட்ட தோடு ஒங்களுக்கு. செவப்புன்னா பூண்டுக்காடு எனக்கு."

அழகுமலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஏ கிறுக்கச்சி! சூதோட சூட்சுமம் பொம்பளைக்கு எங்க தெரியப் போகுது? கழட்டி வையி தோட்டை!" சூடத்தில் அடித்துச் சத்தியமும் பண்ணினான்.

சிவப்பு.

மளிகைக் கடைக்காரருக்கு வருடக்கணக்கில் நாமம் போடுகிறவன், சூதில் தோற்றதை மட்டும் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிடுவான். சூதாடிக்கு மானம் அந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது. கொடைக்கானலுக்குப் போய்ப் பத்திரம் எழுதக் கிளம்பியவன், வாசலில் நின்று கடுக்கனைத் தடவினான்.

"நாளைக்கு வெள்ளனே வாறேன் சாமி. ஆறு செவப்பு வந்தாச்சு. இனி வெள்ளை வராம எங்க போகும்?"

அவன் தலை சரிவில் மறைந்ததும் பூசாரி குரலைத் தாழ்த்தினார். "தாயி, நாளைக்காச்சும் ஒரு பொட்டணத்துல வெள்ளைப்பூ தேடி வைக்கட்டுமா?"

"கடுக்கனும் வந்துரட்டும் சாமி."