மாவுப்பூச்சி இழை

கோவை மாடித்தோட்டக்காரர்களின் மின்மடல் குழுவை நடத்தும் மிருதுளாவுக்கு ஒழுங்கு முக்கியம். பெரியவர் பழனியப்பனோ மோட்டார் ரிப்பேரைப் பற்றி எழுதினாலும், மாவுப்பூச்சி பற்றி எப்போதோ தொடங்கிய பழைய மடல் இழையிலேயே பதிலாகப் போடுவார். மூன்று முறை எச்சரித்தும் கேட்கவில்லை. பொறுமையிழந்தவள் அவருடைய மடல்களையும் தன் எச்சரிக்கைகளையும் பிரித்துத் தனி இழையாக்கினாள். பதில்களின்றி நின்ற மாவுப்பூச்சி இழையை, பதிலில்லாப் பழைய இழைகளை நீக்கும் குழு விதிப்படி மென்பொருள் அன்றே அழித்தது.

மறுநாள் அவர் போனில் கூப்பிட்டார்.

"தப்பு எம்மேலதானுங்க அம்மிணி. அந்தப் பழைய இழையத் திரும்பக் கொண்டுவர முடியுங்களா?"

"அழிஞ்சா அழிஞ்சதுதாங்க. அப்படி என்ன இருந்துச்சு அதுல?"

"ஒண்ணுமில்லீங்க. இழையத் திறந்தா, எழுதுனவங்க குரல்லயே மொத மடல்லருந்து படிச்சுக் காட்டுதில்லீங்களா? அந்த மொத மடலு எங்க ஊட்டுக்காரி எழுதுனதுங்க. அவ போயி ரெண்டு வருசமாச்சு."

போனை வைத்த பிறகு மிருதுளா, தான் பிரித்துவைத்த அவருடைய புது இழையைத் திறந்தாள்.

"மோட்டார் ஓடமாட்டேங்குதுங்க" என்றது அவர் குரல். "இதுக்கும் மாவுப்பூச்சிக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று அடுத்துக் கேட்டது அவளுடைய குரல்.