மடியில் ஒரு முட்டு

செவலைப் பசு இன்றைக்கும் பாலை எக்கிக்கொண்டது. கன்றை ஊட்டவிட்டு, மடி சுரந்ததும் இழுத்து முளையில் கட்டிவிட்டு முப்பிடாதி காம்பில் கைவைத்தால், செம்பின் அடி நனைவதோடு சரி. வைத்த பருத்திக்கொட்டையை மட்டும் மிச்சமில்லாமல் தின்றிருந்தது. கன்றை மறுபடி அவிழ்த்துவிட்டால் போதும், மடியை முட்டி முட்டிக் குடிக்கும் அதன் கடைவாயில் நுரை தள்ளும். கன்றுக்கென்று ஒரு காம்பை விட்டுவைப்பது அந்த வீட்டு வழக்கம். இந்த மாடோ நாலையும் கன்றுக்கே வைத்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்குள் கைக்குழந்தை வீரிட்டது.

"கறந்தாச்சா இல்லியா? பிள்ளைக்கு அழுது அழுது தொண்ட கட்டிப்போச்சு," என்றான் புருஷன் உள்ளேயிருந்து.

"ஒம்ம மாட்டுகிட்ட வந்து கேளும்," என்றாள். பிறகு செவலையின் விலாவில் ஓர் அடி வைத்தாள். "எனக்குத்தான் ஊறல. ஒனக்கு ஊறியும் தரமாட்டியாக்கும்."

அது வாலைச் சுழற்றி அவள் முகத்தில் அடித்தது. வந்த ஆத்திரத்தில் குனிந்து, மடியை நெற்றியால் ஓங்கி முட்டினாள். ஆத்திரம் தீராமல் மறுபடியும் முட்டினாள். மாட்டின் உடம்பு சிலிர்த்தது. காம்புகள் விறைத்தன. கைவைத்ததும் பால் சர்ரென்று செம்பில் இறங்கியது. விடாமல் கறந்தாள், கன்றின் காம்பையும் சேர்த்தே கறந்தாள்.

நுரை விளிம்புக்கு வந்தபோது தோளில் சொரசொரவென்று ஈரம் பட்டது. செவலை கழுத்தைத் திருப்பி அவளை நக்கிக்கொண்டிருந்தது.

முளையில் கன்று கத்தியது. மாடு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.