ஐந்தாம் எண்ணில் ஃபேன்

இந்த வீட்டில் அறிவியல் மனப்பான்மை கொண்ட ஒரே உயிர் நான்தான். மற்றவர்களின் ஆராய்ச்சியெல்லாம் ஃபேன் ரெகுலேட்டரோடு சரி.

அக்காவுக்குப் பத்தொன்பது வயதில் புற்றுநோய். சிகிச்சையில் பிள்ளை பெறும் வாய்ப்பு போய்விடக்கூடும் என்று, முன்கூட்டியே அவள் சினைப்பையில் ஒரு பகுதியை எடுத்து உறையவைத்தார்கள்.

நோய் போனது. மாதவிலக்கும் போனது. திடீர் திடீரென உடம்பு கொதித்து வேர்த்துக் கொட்டும். அதனால் ஃபேன் எப்போதும் ஐந்தில். நாங்கள் ஸ்வெட்டரில்.

இப்போது அவளுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். உறையவைத்த துண்டுகளை எடுத்து மறுபடி உள்ளே வைத்துத் தைத்தார்கள். எல்லாவற்றையும். மிச்சம் இல்லை.

துண்டுகள் உயிர் பிடித்தால் ஆறு மாதத்துக்குள் தெரியும், முதலில் வேர்ப்பது நிற்கும் என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து அம்மா பூனைபோல வந்து ஃபேனை ஒரு எண் குறைப்பாள். துணி மடிப்பதுபோல் நடித்துக்கொண்டே அக்காவின் முகத்தைப் பார்ப்பாள்.

"எவ அங்க கைய வச்சது?" என்று அக்கா கத்துவாள்.

மறுநாள் அக்காவின் கணவர், சுவிட்சைத் துடைக்கிற சாக்கில். மாமாவுக்கும் அதே அர்ச்சனை.

ஹார்மோனை ரத்தத்தில்தான் பார்க்க வேண்டும், நெற்றியில் அல்ல என்று இருவருக்கும் ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தேன். மாமா கொட்டாவி விட்டார்.

நாளையோடு ஆறு மாதம்.

மாலையில் செய்தித்தாளோடு ஹாலுக்கு வந்தேன். பறந்துவிடாமல் இருக்கப் பழக்கத்தில் ஓரத்தை அழுத்திப் பிடித்தேன். தாள் அசையவே இல்லை.

அக்கா சோபாவில் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள்.

ரெகுலேட்டரைப் பார்த்தேன். இரண்டு.

சமையலறை வாசலில் அம்மாவும் மாமாவும் சிலைபோல நின்றார்கள். இவர் ஒன்று, அவள் ஒன்று. கணக்கு இடித்தது.

"முழிக்காதடா. மூணாவது நான் கொறச்சதுதான்."

சொன்ன அக்கா பக்கத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. புத்தகத்தைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. நான் வந்ததிலிருந்து ஒரு பக்கம்கூடப் புரளவில்லை.

வகுப்பெடுக்க இதைவிட நல்ல நேரம் வராது. ஒரு சாயங்காலத்துக் காற்று எதையும் நிரூபிக்காது. வாயைத் திறந்தேன்.

மூடிக்கொண்டேன்.

சத்தம் வராமல் ரெகுலேட்டரை ஒன்றுக்குத் திருகினேன்.