ஆபீஸ் கம்ப்யூட்டரில் வீட்டுச் சமையல்

"அந்தப் புரோகிராமை அழிங்க. திரை தெரியலேன்னா கீழே பழைய கோப்பு அறைக்குப் போயிடுங்க. அங்கே திரையே கிடையாது" என்றார் இயக்குநர் சராஃபோவ்.

"அழிக்க மாட்டேன் சார். கீழேயும் போக மாட்டேன்" என்றாள் டாஃபின்கா.

எங்கள் நகராட்சியில் சராஃபோவிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. பக்கத்து மேஜையில் சீஸ் வைத்துச் சுட்ட பனிட்சாவைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்த நான் அதை அப்படியே காகிதத்தில் வைத்துவிட்டேன்.

விஷயம் இதுதான். டாஃபின்காவுக்கு வயது ஐம்பத்தெட்டு. கண்ணில் நீர் அழுத்த நோய். கருப்புத் திரையில் மஞ்சள் எழுத்து பெரிது பெரிதாக இருந்தால்தான் அவளால் படிக்க முடியும். எங்கள் கம்ப்யூட்டர்களில் இருப்பது இலவச லினக்ஸ். நிறம், எழுத்து எல்லாம் மாற்றிக்கொள்ளும்படி அதில் ஒரு தீம் இருந்தது. அதை வைத்துத்தான் இத்தனை நாள் ஓட்டினாள்.

போன மாத அப்டேட்டில் திரை மறுபடி வெள்ளையாகிவிட்டது. சரி, மாற்றுவோம் என்று தீமின் செட்டிங்ஸைத் திறந்தால் மேல் பாதிதான் வருகிறது. நிறமும் எழுத்தளவும் இருப்பது வராத கீழ்ப் பாதியில்.

தீமை எழுதிய ஆள் திருத்தம் போட்டுவிட்டார். ஆனால் அது வெறும் மூல நிரலாக இணையத்தில் கிடந்தது. நாமே இறக்கி, நாமே கம்பைல் பண்ணி, ஓடுகிற புரோகிராமாக ஆக்கிக்கொள்ள வேண்டும். பிறப்புச் சான்றிதழ் எழுதுகிறவளுக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்காதீர்கள். பென்ஷனுக்கு இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. தேவைதான்.

பூதக்கண்ணாடியும் கையுமாக ஒரு வாரம் மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் உட்கார்ந்தாள். ஆறு தடவை கம்பைல் பண்ணினாள்.

"ஒரு தப்பும் வரலைடி. நல்லா முடிஞ்சுதுன்னு அதுவே சொல்லுது. திறந்தா அதே பாதிதான்" என்று என்னிடம் புலம்பினாள்.

இது எப்படியோ சராஃபோவ் காதுக்குப் போய், இப்போது ஆள் நேரிலேயே வந்து நிற்கிறார்.

"ஆபீஸ் கம்ப்யூட்டர்ல என்னங்க வீட்டுச் சமையல்? லியூபெனைக் கூப்பிடு."

லியூபென்தான் கம்ப்யூட்டர் பிரிவு. சிஸ்டத்தோடு வந்ததில் கைவைக்கிற பாஸ்வேர்டு அவன் ஒருத்தனிடம்தான் இருக்கிறது. சட்டம் பேசுகிற ஆள். என் நாய் படத்தைத் திரையில் வைத்ததற்கே மெமோ கொடுத்தவன். எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது.

வந்தான். அவள் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"எத்தனை தடவை பண்ணீங்க அக்கா?"

"ஆறு."

"யாரைக் கேட்டுப் பண்ணீங்க?"

"என் கண்ணைக் கேட்டு."

"அழிப்பா" என்றார் சராஃபோவ்.

டாஃபின்கா இரண்டு கையையும் கீபோர்டின் மேல் பரப்பி வைத்துக்கொண்டாள்.

"முதல்ல என்னைத் தூக்கிட்டு அப்புறம் அழி தம்பி."

"கையை எடுங்க அக்கா. என் வேலையைச் செய்ய விடுங்க."

"எடுக்க மாட்டேன்."

அவன் அந்தக் கீபோர்டின் ஒயரைப் பிடுங்கி, பையிலிருந்து வேறு கீபோர்டை எடுத்து மாட்டினான். நின்றபடியே ஏதோ தட்டினான்.

"அழிச்சாச்சு சார். இதோ பாருங்க."

சராஃபோவ் குனிந்து பார்த்தார். தீமின் பெயர், பக்கத்திலேயே 'நீக்கப்பட்டது'.

"ரெஜிஸ்டர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுடு" என்று சொல்லிவிட்டுப் போனார். பின்னாலேயே லியூபெனும் போனான்.

"இவனெல்லாம் ஒரு மனுஷனா" என்று அவன் காதில் விழும்படியே சொன்னேன்.

டாஃபின்கா தன் கீபோர்டைத் திரும்ப மாட்டினாள்.

"அழிக்கட்டும். ஏழாவது தடவை பண்றேன்."

"போதும்டி, விட்டுத் தொலை."

"மாட்டேன். முதல்ல நிஜமாவே போயிடுச்சான்னு பாக்கறேன்" என்று தீமின் பெயரைத் தட்டினாள்.

செட்டிங்ஸ் திறந்தது. முழுதாக. கீழ்ப் பாதியில் நிறங்கள் வரிசையாக நின்றன, அதற்குக் கீழே எழுத்தளவு. டாஃபின்கா பூதக்கண்ணாடியை எடுக்கவே மறந்துபோய்த் திரையில் மூக்கு இடிக்கக் குனிந்தாள். அவள் அழுகிறாள் என்று தோளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நான் வராந்தாவில் ஓடிப்போய் லியூபெனை மறித்தேன்.

"அழிச்சேன்னு சார்கிட்ட காட்டினியே?"

"அழிச்சேனே. பொய் சொல்லலை." அவன் நடந்துகொண்டே சொன்னான். "அந்தப் பேர்ல ரெண்டு இருந்துச்சு. அப்டேட்ல வந்த பழசு ஒண்ணு, அக்கா பண்ணது ஒண்ணு. அக்கா பண்ணது முதல் நாள்லேர்ந்தே சரியாத்தான் இருந்திருக்கு. கூப்பிடும்போதெல்லாம் பழசு முந்திக்கிட்டு வந்து நின்னிருக்கு."

"அப்ப நீ..."

"ரெண்டுல எதை அழிக்கணும்னு சார் சொல்லலையே" என்றான்.