தகரத் தட்டில் கடல்

கஸ்பார் போரில் விழுந்த கரை இன்னும் பகைநாட்டில்தான் இருந்தது. அங்கே போக வழியில்லாத அவன் மனைவி செபஸ்தியாள், அதன் மாதிரியையாவது பார்க்க அனுமதி கேட்டு ராணுவக் கல்லூரிக்கு வந்திருந்தாள். மேசைமேல் ஒரு தகரத் தட்டு. அதில் மணலால் கரை, கரைக்கு முன்னால் ஒரு மணல்திட்டு, கொஞ்சம் தண்ணீர், திட்டில் தட்டி நின்ற மரப்படகுகள். கஸ்பாரின் படை ஒரு விடியலில் அந்தக் கரையில் இறங்கப் போய்த் தோற்றதை வருஷாவருஷம் இதை வைத்துத்தான் பாடம் நடத்துவார்கள்.

"கடல் வத்தியிருந்த நேரம்மா," என்றார் மேஜர். "படகு திட்டைத் தாண்டல. எல்லாரும் நெஞ்சளவு தண்ணியில இறங்கி நடந்தாங்க. கரை மேட்டுல எதிரிங்க துப்பாக்கியோட காத்துக்கிட்டு இருந்தாங்க. அதுக்கப்புறம் கடலேத்தம் பாக்காம நாங்க யாரையும் இறக்குனதில்ல."

"அவரு போன படகு எதுங்கய்யா?"

ஓரத்தில் இருந்ததைக் காட்டினார். விரல் நீளம்தான் இருக்கும். அவள் குனிந்து உள்ளே பார்த்தாள்.

"ஆளு வைக்கலியா?"

"பாடத்துக்குப் படகு போதும்மா."

மேஜரின் மேசையிலிருந்த கூஜாவை எடுத்து, அவள் தட்டில் மெல்ல ஊற்றினாள். அறையில் உட்கார்ந்திருந்த மாணவன் ஒருவன் தடுக்க எழுந்தான்; மேஜர் அவனைக் கையமர்த்தினார். தண்ணீர் ஏறியது. திட்டு மூழ்கியது. படகுகள் ஒவ்வொன்றாக அசைந்து மிதந்தன. கரைக்கு இப்போது வழி திறந்திருந்தது.

அவள் கஸ்பாரின் படகைக் கரையை விட்டுத் திருப்பித் தன் பக்கமாக இழுத்தாள். அது தட்டின் விளிம்பில் முட்டி நின்றது.

"இன்னும் ஒரு கூஜா தண்ணி கிடைக்குமாய்யா?" என்றாள்.